நான் மெட்டுப் போட்ட நன்மைப் பாட்டு

எங்கள் கோயிலில் போங்கோ வாசிக்கப் போகிறார்கள் என்ற சேதி, குற்றாலத்தில் தண்ணீர் விழுந்துவிட்டது என்ற சேதியைவிட வேகமாகப் பரவியது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில், வயல்களுக்கு நடுவே இருந்த சின்னப் பங்குக் கோயில் அது. மத்தியானம் எங்களுக்கு அனுமதி கிடைத்தது. மாலையில் நான் வெங்காயம் வாங்கப் போனால் கடைக்காரர், "என்ன டீச்சரு, கோயில்ல சினிமா மேளம் கொட்டப் போறியளாமே?" என்கிறார். "ஆமா அண்ணாச்சி, வந்து கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வெங்காயத்தைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது வீட்டில் அம்மா கேட்டபோதுதான் தெரிந்தது.

நான் அப்படிப் பறந்ததற்குக் காரணம் இருந்தது. அந்தப் பூசையில் பாட இருந்த பாட்டுகளில் ஒன்றுக்கு மெட்டுப் போட்டவள் நான். நன்மை வாங்கும்போது, அதாவது சனங்கள் வரிசையாகப் போய்ச் சாமி கையால் நற்கருணை அப்பம் வாங்கும்போது, பாடுகிற பாட்டு. வரிகள் எங்கள் உதவிச் சாமியார், சின்னச்சாமி, எழுதியவை, மெட்டு என்னுடையது. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பங்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். கன்னியாஸ்திரிகளிடம் ஆர்மோனியம் படித்தவள். தலைக்கனம் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்பது நான் சொல்லும் அளவு. என் அண்ணனைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பான்.

பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிய புதிது. அதற்கு முன் சாமி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூசை வைப்பார். மாடியில் நின்று நாங்கள் நாலைந்து பேர் அர்த்தம் தெரியாத லத்தீனை மனப்பாடமாகப் பாடுவோம். கீழே பாயில் உட்கார்ந்திருக்கும் சனங்கள் அவரவர் பாட்டுக்கு ஜெபமாலை உருட்டுவார்கள். மணி அடித்தால் தலையைக் குனிவார்கள். அவ்வளவுதான் அவர்கள் வேலை. பீடத்தைத் திருப்பிப் போட்டு, சாமி எங்களைப் பார்த்து நின்று, "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று முதன்முதலாகத் தமிழில் சொன்ன அன்று என்ன பதில் சொல்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர், மரியாதை குறையக்கூடாது என்று எழுந்து நின்று, "சரிங்க சாமி" என்றார்.

தமிழ் வந்தும் சனங்கள் பாடவில்லை. அதற்கு முக்கியக் காரணம் ஓர் அத்தை. பங்கில் எல்லோருக்கும் அவள் அத்தைதான். வயலில் நடவுக்குப் போகும் பெண்களுக்கு அவள் தலைவி. கோயிலில் ஜெபமாலைக்குத் தலைவி. அவள் தொண்டைக்கு ஒலிபெருக்கி தேவைப்பட்டதே இல்லை. மேலகரத்தில் நின்று கூப்பிட்டால் குற்றாலத்தில் திரும்பிப் பார்ப்பார்கள் என்று கேலி செய்வோம். பூசை தமிழில் நடந்தாலும், லத்தீனில் நடந்தாலும், சாமி தலைகீழாக நின்றாலும் அத்தை ஜெபமாலையை நிறுத்த மாட்டாள். அவள் "அருள் நிறைந்த மரியே" என்று எடுத்தால் பெண்கள் பக்கம் முழுக்க அவள் பின்னால் போகும். மேலே நாங்கள் பாடுவது எங்களுக்கே கேட்காது. எனக்கு அவள்மேல் கோபமான கோபம்.

இந்த நேரத்தில்தான் உதவிப் பங்குச் சாமியாராக அந்தச் சின்னச்சாமி வந்து சேர்ந்தார். குருமடத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்தவர். நடக்க மாட்டார், ஓடுவார். வந்த வேகத்தில், "இளைஞர்கள் சேர்ந்து ஒரு மெல்லிசைக் குழு வைக்கணும். சனங்களைப் பாட வைக்கணும்" என்றார். ஆர்மோனியத்துக்கு நான். கிட்டாருக்கு என் அண்ணன். அண்ணன் செங்கோட்டை ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. ஆஸ்திரேலியாவுக்குக் குடும்பத்தோடு கப்பலேறிய ஓர் ஆங்கிலோ இந்திய என்ஜின் டிரைவர், கொண்டுபோக இடமில்லை என்று விட்டுப்போன கிட்டார் அது. மலைப்பாதை ரயிலில் அந்த டிரைவரிடமே, தந்தியில் விரல் வைக்கும் நாலு பிடி கற்றுக்கொண்டிருந்தான். நாலு பிடியை வைத்துக்கொண்டு உலகத்துப் பாட்டையெல்லாம் வாசித்துவிடுவான். பாடுவதற்கு என் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் சிலர்.

போங்கோவுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. அண்ணன் ஒருநாள் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான். மேலகரத்துக்காரர். சீசனில் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுவது அவர் தொழில். அருவிக்குப் போகும் முன் துண்டைக் கட்டிக்கொண்டு திண்டில் குப்புறப் படுப்பார்களே, அவர்கள் முதுகில் எண்ணெயை ஊற்றித் தட்டி, உருவி, நெட்டி எடுத்துவிடும் ஆள். சீசன் முடிந்தால் நாடகங்களுக்கு வாசிக்கப் போவார். இந்துக் குடும்பம், எங்கள் கோயிலுக்குள் அதுவரை வந்ததில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கோவை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு தட்டுத் தட்டினார் பாருங்கள்! எனக்குப் புல்லரித்துவிட்டது. சின்னச்சாமி அங்கியைத் தூக்கிக்கொண்டு ஒரு குதி குதித்தார்.

"எங்கன வே படிச்சீரு?" என்று கேட்டான் அண்ணன்.

"எங்க படிக்க? நாள் பூரா முதுவுல அடிக்கேன்லா. முதுவுக்கு முதுவு ஒவ்வொரு சத்தம் வரும். அதுதான் பள்ளிக்கூடம்" என்றார் அவர். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அன்று முதல் அவர் எனக்கு அண்ணாச்சி, நான் அவருக்குத் தங்கச்சி.

பங்குச்சாமி ஒத்துக்கொள்ளவில்லை. வயதானவர், கண்டிப்பானவர். "கோயிலுக்குள்ள கொட்டா? நாளைக்கு டான்ஸ் ஆடணும்பீங்க" என்று கதவைச் சாத்திவிட்டார். சின்னச்சாமி உரோமாபுரியில் ஆயர்கள் கூடி முடிவெடுத்ததையெல்லாம் எடுத்துச் சொன்னார். "உரோமாபுரியில சாரல் கிடையாது. இங்க சனங்க சளி பிடிச்சுக் கெடக்கு, பாட மாட்டாங்க" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார் பங்குச்சாமி.

கதவைத் திறந்தவர் அண்ணாச்சிதான். பங்குச்சாமிக்கு நாள்பட்ட இடுப்புப் பிடிப்பு. விடியற்காலையில், அங்கியை விட்டுவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஊருக்குத் தெரியாமல் குற்றாலம் போய் எண்ணெய் போட்டுக்கொள்வாராம். அவருக்கு எண்ணெய் போடுவது நம் அண்ணாச்சி. அண்ணாச்சிக்கும் இவர் சாமியார் என்பது தெரியாது. ஏதோ ரிட்டயர் ஆன ஹெட்மாஸ்டர் என்று நினைத்திருக்கிறார். ஒருநாள் ஒத்திகைப் பாட்டையே மனசுக்குள் ஓட்டிக்கொண்டு அந்த முதுகில் தட்டியிருக்கிறார். படுத்திருந்தவர் சுகமாக முனகிக்கொண்டு, "தாளம் நல்லாருக்கே. என்ன பாட்டு வே அது?" என்று கேட்டிருக்கிறார்.

"வேதக் கோயில் பாட்டு சார். அங்கன ஒரு கெழட்டுச் சாமியாரு வாசிக்க விட மாட்டேங்காராம். அவருக்கு ஒரு நாள் எண்ணெய் போட்டு விட்டாச் சரியாயிரும்" என்றாராம் அண்ணாச்சி.

முதுகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததாம். அன்று மத்தியானம் பங்குச்சாமி எங்களைக் கூப்பிட்டு விட்டார். அண்ணாச்சி குற்றாலத்தில் வேலையாக இருந்ததால் நாங்கள் மற்றவர்கள்தான் போனோம். பரலோக மாதா திருநாளுக்கு ஒரு பூசை தருவதாகச் சொன்னார். ஆனால் ஒரு நிபந்தனை.

"எனக்குக் கச்சேரி வேண்டாம். சனங்க வாய் தெறந்து பாடணும். பாடினா, அப்புறம் ஞாயித்துக்கிழமை தோறும் நீங்க வாசிக்கலாம். வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தாங்கன்னா, அன்னையோட மூட்டை கட்டிரணும். சரியா?"

சரி என்றோம். வெளியே வந்ததும் அண்ணன், "அத்தை இருக்கும்போது எப்படிட்டி பாடுவாங்க?" என்றான். எனக்குப் பயமே இல்லை. என் மெட்டு இருக்கிறதே!

அந்த மெட்டு எனக்குக் கிடைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். சின்னச்சாமி எழுதிக் கொடுத்த வரிகள் இவை: "பசித்தவர் வாசலைத் தேடி வந்தவரே, பந்தியில் எங்களுக்கும் இலை போட்டவரே." வாசித்ததும் பிடித்துவிட்டது. ஆனால் ஆர்மோனியத்தில் உட்கார்ந்தால் வந்ததெல்லாம் கன்னியாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்த இழுவைதான். நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகு ஒரு மத்தியானம், பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு எழுதப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் நின்றபோது, சும்மா வந்து வாயில் உட்கார்ந்துகொண்டது. முழுசாக! ஓடிப்போய்ப் பக்கத்து அறை ஆர்மோனியத்தில் வாசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரி முடிந்ததும் கொஞ்சம் மூச்சு விட்ட மாதிரி ஓர் இடைவெளி. அந்த இடைவெளியை நான் யோசித்து வைக்கவில்லை. ஆனால் அதுதான் பாட்டுக்கே அழகு என்று தெரிந்தது. அன்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாட்டைத் தப்புத் தப்பாக எழுதினார்கள். எல்லோருக்கும் சரி போட்டேன்.

ஒத்திகையில் அண்ணாச்சி அந்த இடைவெளியில் விரலால் ஓர் உருட்டு உருட்டி அடைப்பார். கேட்கக் கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் அவருக்கு மட்டும் திருப்தி இல்லை.

"இந்த எடம் யாரையோ கூப்பிடுத மாதிரியே இருக்கு தங்கச்சி. யாரோ பதில் சொல்லணும்லா?"

"நீங்கதான் பதில் சொல்லுதியளே அண்ணாச்சி."

"நான் சொல்லுதது பதில் மாதிரி இல்லயே" என்று தலையைச் சொறிந்தார். அவருக்குச் சங்கீதம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

திருநாள் அன்று காலையில் நல்ல சாரல். மலையே தெரியவில்லை. கோயில் நிரம்பி வழிந்தது. பங்குச் சனங்கள் போக, சீசனுக்கு வந்து குற்றாலத்தில் தங்கியிருந்த வெளியூர்க்காரர்களும் பூசைக்கு வந்துவிட்டார்கள். போங்கோ சேதியைக் கேட்டு, வெங்காயக் கடைக்காரர்கூட வாசலில் குடையோடு நின்றார். ஆகஸ்ட் பதினைந்து, விடுமுறை நாள், குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்க ஆள் வரிசை நிற்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு அண்ணாச்சி, சீயக்காய் போட்டுக் கையை வறவறவென்று தேய்த்துக் கழுவி, வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். அப்படியும் அவர் நின்ற இடத்தில் எண்ணெய் வாசம் அடித்தது.

ஆனால் போங்கோவைத் தட்டினால் "பொத்" என்றது. ஆட்டுத் தோல். சாரல் ஈரத்தில் ஊறித் தொய்ந்துவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "தீ காட்டணும். கொஞ்சம் கங்கு கெடைக்குமா?" என்று கேட்டார் அண்ணாச்சி. கோயிலில் கங்கு எங்கே இருக்கும்? தூபக் கலசத்தில் இருக்கும். சாமியார்கள் உடுப்பு மாற்றும் அறையில், கோயில் வேலைகள் பார்க்கும் கோயில்பிள்ளை சாம்பிராணி போடுவதற்காகக் கலசத்தில் கரியை ஊதிக்கொண்டிருந்தார். சின்னச்சாமி அவரிடம் பல்லைக் காட்டி இரவல் வாங்கினார். கலசத்துக்கு மேலே போங்கோவைக் கவிழ்த்துப் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் காட்டினார் அண்ணாச்சி. தட்டினால் "டிங்" என்றது. சாம்பிராணி வாசம் வேறு. "இப்ப உங்க மேளம் ஞானஸ்நானம் வாங்கிட்டு" என்றார் கோயில்பிள்ளை.

நாங்கள் மாடியில் இல்லை. கீழே, பீடத்துக்குப் பக்கவாட்டில், எல்லோரும் பார்க்கும்படி உட்கார்ந்தோம். சின்னச்சாமி ஒலிபெருக்கியில், "இன்னைக்கு நன்மைப் பாட்டுக்கு மெட்டுப் போட்டது நம்ம டீச்சர்" என்று என்னைக் காட்டினார். எனக்கு வானத்தில் நடக்கிற மாதிரி இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன், ஆனால் யார் யார் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன். அத்தையும் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ குசுகுசுத்துவிட்டு ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

முதல் பாட்டு ஆரம்பித்தது. கிட்டாரும் போங்கோவும் சேர்ந்து எழுந்தபோது கோயில் கூரை ஓடுகளே சிலிர்த்த மாதிரி இருந்தது. பிள்ளைகள் அம்மாக்கள் மடியிலிருந்து நழுவி எங்களை நோக்கித் தவழ்ந்து வந்தார்கள். பெரியவர்கள் கழுத்தை நீட்டினார்கள். அத்தைகூட ஜெபமாலையை நிறுத்திவிட்டாள். ஆனால் பாடவில்லை. ஒருவரும் பாடவில்லை! வாயைப் பிளந்துகொண்டு கச்சேரி கேட்டார்கள். காணிக்கைப் பாட்டில் அண்ணாச்சி நாடகப் பழக்கத்தில் கொஞ்சம் கூடுதலாகவே விளையாடிவிட்டார். முடிந்ததும், பின்னாலிருந்து ஒரு வெளியூர்க்காரர் தன்னை மறந்து, "சபாஷ்!" என்று கத்தினார்.

பங்குச்சாமி பீடத்திலிருந்து எங்களைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் மூட்டை முக்கால்வாசி கட்டியாகிவிட்டது.

இனி என் பாட்டு ஒன்றுதான் மிச்சம். அதில் சனங்கள் வாய் திறக்காவிட்டால் எல்லாம் போச்சு. குழுவும் போச்சு, என் மெட்டும் அன்றோடு போச்சு. போங்கோ வேறு மறுபடி இளக ஆரம்பித்திருந்தது. கதவுகளெல்லாம் திறந்திருந்ததால் சாரல் உள்ளே அடித்தது. சாமி அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றம் முடிந்து தூபக் கலசத்தை உள்ளே எடுத்துப்போனதும், அண்ணாச்சி போங்கோவோடு குனிந்தபடியே பின்னால் போனார். பூசை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. நேரம் இருக்கிறது என்று நினைத்து நன்றாகவே காய்ச்சிவிட்டார். அவர் திரும்பி வரவும் பங்குச்சாமி நன்மை கொடுக்கப் பாத்திரத்தை எடுக்கவும் சரியாக இருந்தது. நான் துருத்தியை அமுக்கினேன். முதல் வரி போயிற்று. இடைவெளி வந்தது. அண்ணாச்சி உருட்டுவதற்காகக் கையை ஓங்கிப் போட்டார்.

படார்!

தோல் குறுக்கே கிழிந்து வாயைப் பிளந்தது. பாடிய டீச்சர்கள் பயந்து நிறுத்திவிட்டார்கள். அண்ணன் கை கிட்டாரில் அப்படியே நின்றது. அண்ணாச்சி கிழிந்த போங்கோவைப் பார்த்துக்கொண்டிருந்தார், பெற்ற பிள்ளையைப் பார்ப்பது மாதிரி. நான் மட்டும் வாசித்தேன். தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம், ஆத்திரம். என் மெட்டு பாதியில் சாகக் கூடாது என்ற ஆத்திரம். தனியாகவே பாடினேன். "பசித்தவர் வாசலைத் தேடி வந்தவரே..." இடைவெளி வந்தது. அதில் ஒன்றுமில்லை, சாரல் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த வரி பாடினேன். மறுபடி இடைவெளி வந்தது.

"தன்னான தன்னன்னே!"

அத்தை. பாயில் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து, ஜெபமாலை கையில் தொங்க, அடித்தொண்டையில் போட்டாள். அவள் பாட வேண்டும் என்று நினைத்துப் பாடின மாதிரி இல்லை. கூப்பிட்டால் ஏன் என்று கேட்போமே, அப்படி வந்தது. அந்தச் சொல் என் இடைவெளிக்குள் ஒரு மயிரிழை மிச்சமில்லாமல் பொருந்தி உட்கார்ந்தது. நான் அடுத்த வரியை எடுத்தேன். இடைவெளி வந்ததும் இந்தத் தடவை அத்தையோடு நாலைந்து பெண்கள், "தன்னான தன்னன்னே!" என்றார்கள். எல்லோரும் நடவுக்குப் போகிறவர்கள். அதற்கடுத்த வரிக்குப் பெண்கள் பக்கம் முழுவதும் சேர்ந்துகொண்டது. தொடையில் தட்டித் தாளம் போட்டார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பள்ளிக்கூட ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே வயல். ஆனி மாத நடவு. வரிசையாகக் குனிந்து நாற்று நடும் பெண்கள். ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் பதில் போடுவார்கள். வருஷா வருஷம், நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து, வாய்ப்பாட்டோடு சேர்த்து என் காதில் விழுந்த சத்தம் அது. எடுத்துக் கொடுக்கும் வரி மட்டும் எப்படியோ எனக்குள் தங்கிவிட்டது; பதிலை மறந்துவிட்டேன். நான் போட்ட மெட்டு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது அவர்களுடைய பாட்டு. என் காது சூடாகிவிட்டது. ஓடிப் போய்க் கிணற்றில் விழலாம் போல இருந்தது. ஆனால் விரல்கள் நிற்கவில்லை. எப்படி நிற்கும்? கோயிலே பாடுகிறது!

அண்ணன் கிட்டாரில் நுழைந்துவிட்டான். அண்ணாச்சி கிழிந்த போங்கோவைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையைக் குவித்து, குற்றாலத்தில் முதுகில் அடிக்கிற அதே அடியை மரப் பெஞ்சில் அடித்தார். ஆண்கள் பக்கத்தில், "சரிங்க சாமி" சொன்ன பெரியவர் முதலில் ஆரம்பித்தார், மற்றவர்கள் தொடர்ந்தார்கள். பாட்டு வரிகள் ஒருவருக்கும் தெரியாது. இரண்டு தடவை கேட்டுப் பிடித்துக்கொண்டார்கள், பிடிக்க முடியாத இடத்தில் தன்னன்னே போட்டார்கள். அத்தை பாடிக்கொண்டே நன்மை வாங்க எழுந்து போய், பீடத்துக்கு முன்னால் இருந்த தடுப்புக் கிராதியில் முழங்கால் போட்டாள். பங்குச்சாமி அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்து நிற்கிறார். அவள் வரியை முடித்துவிட்டுத்தான் நாக்கை நீட்டினாள். வாங்கினாள், விழுங்கினாள், திரும்பி நடக்கும்போது சரியாக அடுத்த இடைவெளியில் மறுபடி பிடித்தாள். ஒரு இடம் தப்பவில்லை.

நன்மை வரிசை முடிந்தது. நான் கடைசி வரியை இழுத்து நிறுத்தினேன். அங்கேதான் அந்தப் பெண்கள் ஒரு தப்பைச் செய்தார்கள். அவர்களுக்கு அது தப்பாகத் தெரிந்திருக்காது. நடவுப் பாட்டு முடிந்தால் வயலில் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள்! பரலோக மாதா திருநாள் பாட்டுப் பூசையில், நன்மை முடிந்து எல்லோரும் முகத்தை மூடி மவுனமாக இருக்க வேண்டிய நேரத்தில், அத்தனை பேரும் சேர்ந்து ஒரு குலவை. கூரையிலிருந்து புறாக்கள் சடசடவென்று பறந்தன.

பிறகுதான் அவர்களுக்கே இடம் நினைவு வந்தது. சட்டென்று எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பங்குச்சாமி பீடத்திலிருந்து, "மன்றாடுவோமாக" என்றார். எப்போதும் சொல்வதைவிடச் சத்தமாகச் சொன்னார்.

பூசை முடிந்து உடுப்பு மாற்றும் அறையில் நாங்கள் வரிசையாக நின்றோம், அடி வாங்கப் போகும் பிள்ளைகள் மாதிரி. பங்குச்சாமி மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் கிழிந்த போங்கோவைத் தூக்கிப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமைக்குள்ள புதுத்தோல் போட்டுரும் வே. கெழட்டுச் சாமியாரு விட்டுட்டாருன்னு எல்லார்ட்டயும் சொல்லும்" என்றார். அண்ணாச்சி நிமிர்ந்து அவர் முகத்தை நன்றாகப் பார்த்தார். அங்கிக்குள் இருப்பது தன் ஹெட்மாஸ்டர் முதுகு என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டதைப் பார்த்துச் சின்னச்சாமி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடிவிட்டார்.

"சனங்க வாய் தெறந்துட்டாங்க. சொன்னாச் சொன்னதுதான். ஞாயித்துக்கிழமை தோறும் வாசிங்க" என்றார் பங்குச்சாமி. பிறகு என்னைப் பார்த்தார். "மெட்டு நல்லாப் போட்டிருக்க டீச்சர். எங்கன புடிச்ச?"

அண்ணன் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தான். "கேட்டுட்டு வந்து சொல்லுதேன் சாமி" என்றேன்.

வெளியே வந்தேன். சாரல் தூறிக்கொண்டிருந்தது. அத்தை கோயில் சுவர் ஓரமாக, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஓடிப் போய் வழியை மறித்தேன்.

"அத்தை, அந்தப் பாட்டு உங்க நடவுப் பாட்டா?"

"பின்னே? சாமி 'டீச்சர் மெட்டு'ங்காவ. நீ ஒத்திகை பாடும்போதே வயல்ல கேட்டுக்கிட்டுத்தான இருந்தோம். நடவுல எம் பக்கத்துல நிக்கவ, சொல்லிருவோம்னா. பேசாம இரி, பிள்ள ஆசையாப் பாடுதுன்னேன்."

"சத்தியமா எனக்குத் தெரியாது அத்தை. நானே போட்டதுன்னுதான் நெனச்சேன்." சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமா, சந்தோஷமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. காலையிலிருந்து நெஞ்சுக்குள் துள்ளிக்கொண்டிருந்ததெல்லாம் கண் வழியாக வந்தது.

அத்தை பதறிப்போனாள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அந்த முந்தானையில் கொஞ்சம் சாம்பிராணி வாசம் வந்தது.

"ஏட்டி, நல்ல நாள் அதுவுமா இதுக்குப் போயா அழுவா? நீயே வச்சுக்க. எங்களுக்கு வயல்ல நெறைய கெடக்கு."

சொல்லிவிட்டு, புதுச் சேலை நனையாமல் கரண்டைக்கு மேலே தூக்கிக்கொண்டு வரப்பில் இறங்கிவிட்டாள்.